பெர்லினில் சிம்பொனி கேட்கப் போகும் மதுரை ரசிகருக்கு என்ன சொல்லி அழைத்துப் போவது?

சிம்மக்கல்காரன் (பெர்லின்):
வணக்கம். பெர்லினில் வேலைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறுவேன் என்று சொல்லியிருந்த அப்பா, மே மாத இறுதியில் இங்கே வருகிறார். ஃபில்ஹார்மனி அரங்கில் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனிக்கு அவரை அழைத்துப் போக ஆசைப்படுகிறேன்.

அவர் பல ஆண்டுகளாகத் தல்லாகுளம் லட்சுமி சுந்தரம் ஹாலில் கச்சேரி கேட்டவர். தொடையில் தாளம் போடாமல் அவரால் உட்கார முடியாது. நல்ல பிடி ஒன்று விழுந்தால் ‘பலே’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவார். இங்கோ இருமலைக்கூட அடக்கிக்கொண்டு கேட்கிறார்கள். அவரைக் கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடுமோ என்று கவலையாக இருக்கிறது. எங்கே உட்காரலாம், எப்போது கைதட்டலாம், முன்கூட்டியே அவருக்கு என்ன சொல்லி வைக்கலாம்?

திருமங்கலத்தான் (வியன்னா):
1963இல் திறக்கப்பட்ட அந்த அரங்கில் மேடை நடுவில் இருக்க, சுற்றிலும் படிப்படியாக இருக்கைகள் எழும்பும். வாத்தியக்காரர்களுக்குப் பின்னால் உள்ள வரிசையில் இடம் கிடைத்தால் அதையே எடுங்கள். அங்கே இருந்தால் இசைக்குழுவை வழிநடத்தும் நடத்துநரின் முகமும் கைகளும் நேருக்கு நேர் தெரியும். சிம்பொனியின் நான்கு பகுதிகளும் முடிந்த பிறகுதான் கைதட்டுவது வழக்கம். மைக் இல்லாமல் வாசிப்பதால் மிட்டாய்க் காகிதம் பிரிக்கும் சத்தம்கூடத் தனியாகக் கேட்கும். வேட்டி, அங்கவஸ்திரத்தோடு தாராளமாக வரலாம். தாமதமாகப் போனால் இடைவெளி வரும்வரை வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

தல்லாகுளம் வயலின் ஆசிரியை:
தம்பி, அப்பாவிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லி அழைத்துப் போங்கள். முதலாவது சுருதி. நம் கச்சேரியில் தம்பூரா கடைசிவரை ஒலித்துக்கொண்டே இருக்கும்; அங்கே ஓபோ என்ற ஊதுகருவி ஒரே ஒரு ஸ்வரத்தைக் கொடுக்க, மற்ற வாத்தியங்கள் அதோடு சேர்த்துக்கொண்டதும் அது நின்றுவிடும். ஆதார ஷட்ஜமே, அதாவது அடிப்படை ‘ஸ’வே, இடம் மாறி மாறிப் போவதுதான் அந்த இசையின் நடை என்பதால், பின்னணியில் சுருதியைத் தேடினால் காது தவித்துப்போகும். ஷட்ஜம் இப்போது எங்கே போய் நிற்கிறது என்று தேடச் சொல்லுங்கள். ஒரு ராகத்தின் வேறொரு ஸ்வரத்தை ஷட்ஜமாக வைத்து இன்னொரு ராகத்தைக் காட்டும் கிரக பேதம் கேட்டுப் பழகியவருக்கு அது பிடிபட்டுவிடும்.

இரண்டாவது எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம். சிம்பொனியின் தொடக்கத்தில் வரும், எல்லோருக்கும் தெரிந்த அந்த நான்கு ஸ்வரங்கள், மூன்று குறில் ஒரு நெடில், தாளத்தின் தொடக்கத்தில் விழுவதில்லை. பீத்தோவன் முதலில் ஒரு சிறு நிறுத்தத்தை எழுதிவிட்டு அதன் பிறகே முதல் ஸ்வரத்தை வைத்திருக்கிறார். தாளம் தொடங்கிய பிறகு பாட்டை எடுப்பதை நாம் அனாகத எடுப்பு என்கிறோமே, அதேதான். நடத்துநரின் கை இறங்கும் கணத்தில் ஒலி இருக்காது. தாளக்கட்டு உள்ளவர் அந்த இடத்தைத் தவறவிட மாட்டார்.

மூன்றாம் பகுதி முடியும் இடத்தில் டிம்பனி என்ற பெரிய முரசு மெல்லத் தட்டிக்கொண்டே இருக்க, இடைவெளி விடாமல் நான்காம் பகுதி கிளம்பும். அதுவரை காத்திருந்த டிரம்போன் என்ற பித்தளை ஊதுகருவிகள் அப்போதுதான் முதன்முறையாக ஒலிக்கும். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும் இடம் அது. ‘பலே’ மட்டும் கடைசிவரை பத்திரமாக இருக்கட்டும். விரலால் தாளம் எண்ணுவது யாருக்கும் கேட்காது.

சிம்மக்கல்காரன் (பெர்லின்):
நேற்றுப் போய்விட்டு வந்தோம். திருமங்கலத்து அண்ணன் சொன்னபடி பின்வரிசையிலேயே இடம் கிடைத்தது. நடத்துநரின் கை இறங்கியதும் அங்கவஸ்திரத்துக்குள் அப்பாவின் விரல் ஒரு தட்டுத் தட்டியதையும், அதற்குப் பிறகே ஒலி எழுந்ததையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது அதே இடத்தைத் தொடையில் இரண்டு முறை போட்டுக் காட்டினார். அக்கா, உங்கள் வகுப்பு தல்லாகுளத்தில் எந்தத் தெருவில் நடக்கிறது என்று கேட்கச் சொன்னார். ஊருக்குத் திரும்பியதும் வந்து பார்ப்பாராம்.