கண்ட்ரி பக்கமே போகாத காதுக்கு 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' பிடித்துவிட்டது, அடுத்து?

இரும்புச்செவி:

வழக்கமாக ஓடுவது மெட்டலும், நீளநீளமாகக் கதை சொல்லும் ப்ராக் ராக்கும். கண்ட்ரி என்கிற அமெரிக்கக் கிராமியப் பாட்டு என்றாலே பிக்கப் டிரக், பீர், தொப்பி என்று ஒதுக்கிவைத்தாயிற்று. ஆனால் வில்லி நெல்சனின் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' (1975) மட்டும் மண்டையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

ஒரே மெட்டு மூன்று தடவை வருகிறது. ஆப் கோளாறா, ஆல்பமே அப்படித்தானா? மனிதர் தாளத்தை விட்டு விலகிப் பாடுகிறாரே, வேண்டுமென்றேவா? பின்னால் அழுகிற மாதிரி ஒன்று இழுக்கிறது, அதுதான் பெடல் ஸ்டீலா? 'கண்ட்ரி ஹிட்ஸ்' பிளேலிஸ்ட் போட்டால் பத்து நிமிடம் தாங்கவில்லை. இதே ருசியில் வேறு என்ன இருக்கிறது?

நைலான்தந்தி:

ஆப் மேல் பழி போடாதீர்கள். 'டைம் ஆஃப் த ப்ரீச்சர்' முதல் பாட்டு. அதன் துண்டு மூன்றாவதாக ஒரு முறையும் ஏழாவதாக ஒரு முறையும் திரும்ப வரும். மொத்த ஆல்பமும் ஒரே கதை: ஒரு போதகரின் மனைவி விட்டுப் போகிறாள், அவர் தேடிப் போய் அவளையும் காதலனையும் சுடுகிறார், பிறகு குதிரையேறி அலைகிறார். அந்த மெட்டு வரும்போதெல்லாம் கதை ஓர் அடி நகர்ந்திருக்கும். ப்ராக் கேட்கிறவருக்கு இது புதிதல்ல.

கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், பாதிக்கு மேல் அவர் எழுதிய பாட்டே இல்லை. தலைப்புப் பாட்டு 1950களில் வந்தது. 'புளூ ஐஸ் கிரையிங் இன் த ரெயின்' 1940களில் ஃப்ரெட் ரோஸ் எழுதியது. தனியாகக் கேட்டால் சாதாரணப் பிரிவுப் பாட்டு. இங்கே கொலைக்குப் பின்னால் வருகிறது. ஒரு வரிகூட மாறாமல், கொன்றவனே செத்தவளை நினைத்துப் பாடுகிற பாட்டாக ஆகிவிடுகிறது. அதனால் வரிசையைக் கலைத்து ஷஃபிளில் போட்டால் ஆல்பமே செத்துவிடும்.

செட்டிங்கில் மூன்றைப் பாருங்கள். ஷஃபிள் வேண்டாம். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேட் பூஜ்யம், இல்லையென்றால் ஒரு நிமிடச் சொச்சத் துண்டுகள் ஒன்றின் தலையில் ஒன்று ஏறும். ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியை அணையுங்கள், அல்லது ஆல்பம் முறையில் வையுங்கள். பாட்டுக்குப் பாட்டு சமப்படுத்தினால் அமைதியான துண்டுகளைத் தூக்கிவிட்டு, வேண்டுமென்றே வைத்த ஏற்ற இறக்கத்தை மட்டமாக்கிவிடும். இன்னொன்று: மூல ஆல்பம் 15ஆவது பாட்டான 'பண்டேரா'வோடு முடிகிறது. மறுவெளியீட்டில் அதற்குப் பின்னாலும் சில பாட்டுகளை ஒட்டியிருக்கிறார்கள். அவற்றுக்கும் கதைக்கும் சம்பந்தமில்லை.

தாளம் தவறவில்லை. வரியின் முதல் சொல்லை அடி விழுந்த பிறகு எடுப்பார், வரி முடிவதற்குள் எட்டிப் பிடித்துவிடுவார். சில சமயம் முன்னாலேயே கிளம்பிவிடுவதும் உண்டு. குரலைப் பின்தொடர்ந்து தொடையில் தட்டினால் தாளம் நழுவும். பேஸ் கிட்டாரின் 'டும்' விழும் இடத்தில் தட்டிக்கொண்டு குரலை அதன் போக்கில் விடுங்கள், இரண்டே வரியில் பிடிபடும்.

கிட்டாரும் வழக்கத்தை மீறியதுதான். அது மார்ட்டின் N-20, நைலான் தந்தி கட்டிய கிளாசிக்கல் கிட்டார். விரலால் மீட்ட வேண்டியது என்பதால் பலகையில் பாதுகாப்புத் தகடு கிடையாது. இவர் பிக் என்கிற மீட்டுவில்லை வைத்து அடித்தே ஒலித்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை போட்டுவிட்டார். 

டெக்சாஸில் கார்லண்ட் என்ற ஊர் ஸ்டூடியோவில், சொந்தக் குழுவோடு பதிவானது. கேட்ட கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தார் இதை வெறும் மாதிரிப் பதிவு என்றே நினைத்தார்கள். ஒப்பந்தப்படி இறுதி முடிவு நெல்சன் கையில் இருந்ததால் அப்படியே வெளிவந்தது.

பெடல்மிதி:

அழுகிற சத்தம் பெடல் ஸ்டீல் இல்லை. அது மிக்கி ரஃபேலின் ஹார்மோனிகா. இந்த ஆல்பத்தில் பெடல் ஸ்டீலே கிடையாது. 1970களின் கண்ட்ரி ஆல்பத்துக்கு இதுவே ஒரு விசித்திரம்.

நிஜமான பெடல் ஸ்டீல் எப்படி இருக்கும் என்றால், கோட்டு வாத்தியம் மாதிரி மடியளவில் கிடையாக, தந்தி மேல் உலோகத் தண்டை நகர்த்தி வாசிப்பது. வித்தியாசம் காலில் இருக்கிறது. வழக்கமான E9 என்ற சுருதியமைப்பில் 10 தந்தி, மூன்று பெடல், முழங்காலால் தள்ளும் நெம்புகோல்கள், வலது காலுக்குத் தனியாக ஒலியளவுப் பெடல். E, G#, B தந்திகளை ச, க, ப என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தால் க மேலேறி ம ஆகும், ப மேலேறி த ஆகும், ச அசையாது. கையிலுள்ள தண்டு இருந்த இடத்திலேயே இருக்க, ஒரு ஸ்வரம் நிற்க மற்ற இரண்டு மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். சாதாரண ஸ்லைடு கிட்டாரில் எல்லாத் தந்தியும் சேர்ந்துதான் நகரும், அதனால் இந்தக் குழைவு அதில் வராது. மீட்டிய பிறகு ஒலியளவுப் பெடலை மெல்ல ஏற்றுவதால் தொடக்கத் தட்டல் மறைந்து, சத்தம் எங்கிருந்தோ ஊறி வருகிற மாதிரி இருக்கும்.

தி பேர்ட்ஸ் என்ற ராக் குழுவின் 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் த ரோடியோ' (1968) முதல் பாட்டின் முதல் நொடியிலேயே லாயிட் கிரீன் வாசிப்பில் இதைக் கேட்கலாம். ராக்கிலிருந்து வருபவருக்கு வசதியான வாசல்.

பழையதட்டு:

பிளேலிஸ்ட் தாங்காததில் அதிசயமே இல்லை. இப்போதைய வானொலி கண்ட்ரியில் டிரம்ஸ், கிட்டார், குரல் எல்லாமே முழு ஒலியளவில் அழுத்தி வைத்த பாப் கலவை. நீங்கள் ரசித்தது இடைவெளியை. இடைவெளி உள்ள ஆல்பங்களைத் தேடுங்கள்.

முதலில் ஜானி கேஷின் 'அட் ஃபோல்சம் ப்ரிசன்'. 1968 ஜனவரி 13, கலிஃபோர்னியா சிறைக்குள் நேரடிப் பதிவு. மெட்டல் காதுக்கு இதில் தெரிந்த முகம் ஒன்று இருக்கிறது: கேஷின் கிட்டார்காரர் லூதர் பெர்கின்ஸ் உள்ளங்கை விளிம்பால் கீழ்த் தந்திகளை அமுக்கி வாசிப்பது. டிஸ்டார்ஷன் கரகரப்பைக் கழற்றிய பாம் மியூட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: 'ஃபோல்சம் ப்ரிசன் புளூஸ்' பாட்டில் ரீனோவில் ஒருவனைச் சுட்ட வரி முடிந்ததும் கைதிகள் ஆர்ப்பரிப்பது பிற்பாடு ஸ்டூடியோவில் ஒட்டியது. அதை வைத்துக் கூட்டத்தை எடைபோட வேண்டாம்.

அடுத்து கில்லியன் வெல்ச்சின் 'டைம் (த ரெவலேட்டர்)', 2001. உங்களுக்கு இதுதான் என்று பந்தயமே கட்டலாம். டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. அவரும் டேவிட் ராலிங்ஸும் மட்டும். ஏப்ரல் 14 என்ற தேதியை வைத்து இரண்டு பாட்டுகள் பின்னியிருக்கிறார்கள்: லிங்கன் சுடப்பட்டது, டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது, 1935இன் கறுப்பு ஞாயிறு புழுதிப்புயல், மூன்றும் அந்தத் தேதிதான். கடைசிப் பாட்டு 14 நிமிடத்துக்கு மேல். ப்ராக்காரருக்கு நீளம் ஒரு பொருட்டா என்ன.

மூன்றாவது வேலன் ஜென்னிங்ஸின் 'ஹாங்கி டாங்க் ஹீரோஸ்' (1973). ஏறக்குறைய எல்லாமே பில்லி ஜோ ஷேவர் எழுதிய பாட்டுகள்.

'பெஸ்ட் ஆஃப்' தொகுப்புகளைத் தொடாதீர்கள்.

பெடல்மிதி:

கடைசி வரியோடு மட்டும் உடன்பாடில்லை. பழைய கண்ட்ரிப் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் 1953 புத்தாண்டு அன்று 29 வயதில் இறந்தார். அந்தக் காலத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு இசைத்தட்டுதான் கணக்கு. அவருக்குத் தொகுப்பைத் தவிர வேறு வழி இல்லை. 1960களின் நடுப்பகுதி வரையுள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இதே நிலைதான். விதிவிலக்கு ரே சார்ல்ஸின் 'மாடர்ன் சவுண்ட்ஸ் இன் கண்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் மியூசிக்' (1962), ஆனால் அதில் வயலின் கூட்டமும், பிக் பேண்ட் என்கிற பெரிய ஊதுவாத்தியக் குழுவும் நிறைய. இரும்புச்செவிக்கு இப்போது வேண்டாம்.

பழையதட்டு:

ஹாங்க் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

இரும்புச்செவி:

நன்றி. ஃபோல்சம் தேடினால் இரண்டு மூன்று பதிப்பு வருகிறது, எதைப் போட?

பழையதட்டு:

அன்று இரண்டு நிகழ்ச்சிகள், காலை ஒன்று, மதியம் ஒன்று. 1968 தட்டில் உள்ளது பெரும்பாலும் காலை நிகழ்ச்சி, 16 பாட்டு. 2008 பதிப்பில் இரண்டும் முழுதாக இருக்கின்றன. ஒரே பாட்டு இரண்டு தடவை வரும், திரும்பவும் ஆப்பைத் திட்டாதீர்கள். முதல் தடவைக்கு 16 பாட்டுப் பட்டியல் போதும். 'கிரேஸ்டோன் சேப்பல்' வந்தால் அதுதான் கடைசி. எழுதியவர் அந்தச் சிறையிலேயே இருந்த கைதி கிளென் ஷெர்லி. கேஷ் அதைப் பாடும்போது அவர் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்.