தென்னாப்பிரிக்க ‘ஆம்னெஸ்டி’: பொதுமன்னிப்பா, தண்டவிலக்கா?

அனைவருக்கும் வணக்கம். நம் சொற்பட்டியலில் தென்னாப்பிரிக்காவின் ‘ஆம்னெஸ்டி’க்கு (amnesty, குற்றம் செய்தவரைத் தண்டிக்காமல் விடும் சட்ட ஏற்பாடு) என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற பேச்சில் வந்த கேள்வி இது:

> ஆம்னெஸ்டிக்குப் ‘பொதுமன்னிப்பு’ ஏற்கனவே வழக்கில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

விசா முடிந்தும் தங்கியவர்களை வளைகுடா நாடுகள் தண்டிக்காமல் ஊருக்கு அனுப்பும்போது அந்தச் சொல் சரி. தென்னாப்பிரிக்காவுக்கு அது பொருந்தாது. 1994 தேர்தலுக்கு முந்தைய பேச்சுவார்த்தையில் நிறவெறி ஆட்சி நடத்திய வெள்ளையர் அரசு கேட்டதே ஒட்டுமொத்தப் பொதுமன்னிப்பைத்தான். மண்டேலாவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் அதற்கு இசையவில்லை. அதேசமயம் எல்லாரையும் கூண்டில் ஏற்றுவோம் என்றால், ராணுவமும் போலீசும் இன்னும் பழையவர்கள் கையில் இருந்த நேரத்தில் ஆட்சி மாற்றமே தடைப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே வந்த ஏற்பாடு, நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவை அமைத்த 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது.

அதன்படி ஒவ்வொருவரும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். செய்த குற்றத்துக்கு அரசியல் நோக்கம் இருந்திருக்க வேண்டும். தெரிந்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்து, 849 பேருக்குத்தான் கிடைத்தது. இதில் ‘பொது’ எங்கே இருக்கிறது?

‘மன்னிப்பு’தான் எனக்கு இன்னும் பெரிய உறுத்தல். வருந்துகிறேன் என்று சொல்ல வேண்டிய கட்டாயம்கூடச் சட்டத்தில் இல்லை. நிறவெறியை எதிர்த்த டர்பன் வழக்கறிஞர் கிரிஃபித்ஸ் ம்க்செங்கே 1981-இல் கொல்லப்பட்டார். அதில் பங்குகொண்ட போலீஸ் அதிகாரி டிர்க் கூட்சியே குற்றவாளி என்று 1997-இல் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆணைக்குழு அவரை விடுவித்தது. ம்க்செங்கே குடும்பம் இந்த ஏற்பாட்டையே கடைசிவரை எதிர்த்தது. அதற்கு முன்பே, போலீஸ் காவலில் இறந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிகோவின் குடும்பத்தோடு சேர்ந்து, இந்தச் சட்டத்தை எதிர்த்து அரசியலமைப்பு நீதிமன்றம்வரை போய் 1996-இல் தோற்றது. அந்தக் குடும்பம் மன்னிக்கவில்லை, கொன்றவர் மன்னிப்புக் கேட்டாக வேண்டியதும் இல்லை. பிறகு நாம் மட்டும் எப்படி மன்னிப்பு என்று எழுதுவது? பாதிக்கப்பட்டவர்கள் கொடுக்காத ஒன்றை அவர்கள் பெயரில் எழுதிவைப்பதாகிவிடும்.

பிகோ வழக்கில் விண்ணப்பித்த போலீசார் அவர் சாவைக் கைகலப்பில் நேர்ந்த விபத்து என்றார்கள், அவர்கள் விண்ணப்பம் 1999-இல் மறுக்கப்பட்டது. சிலருக்குக் கிடைக்கும், சிலருக்குக் கிடைக்காது என்பதும் சொல்லில் தெரிய வேண்டும்.

என் பரிந்துரை ‘தண்டவிலக்கு’. வரிவிலக்கு நமக்குப் பழகிய சொல். நிபந்தனையை நிறைவேற்றியவருக்கே அது உண்டு. ‘வழக்குவிலக்கு’ என்ற யோசனையும் வந்தது. ஆனால் கூட்சியேவைப் போல வழக்கு முடிந்தவர்களும் விடுபட்டிருக்கிறார்கள். அப்புறம், இந்தச் சட்டப்படி விடுபட்டவர் சிறைக்கும் போகவேண்டாம், அவர்மீது இழப்பீட்டு வழக்கும் போடமுடியாது. தண்டம் என்றால் தண்டனையும் உண்டு, கட்டவேண்டிய பணமும் உண்டு; ஊர்ப்பஞ்சாயத்தில் ‘தண்டம் கட்டு’ என்பதில்லையா. ‘தண்டச் செலவு’ நினைவுக்கு வரும் என்று சிலர் தயங்கலாம். கூட்டுச்சொல்லில் அந்தக் குழப்பம் வராது.

சொற்பட்டியலில் பதிவை இப்படி வைக்கலாம்:

தண்டவிலக்கு: அரசியல் நோக்கில் செய்த குற்றத்தை முழுமையாக வெளிப்படுத்தியவருக்கு, விண்ணப்பத்தின் பேரில், தண்டனையிலிருந்தும் இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்தும் சட்டம் தரும் விலக்கு. ‘பொதுமன்னிப்பு’ வேறு.

இலங்கை நண்பர்கள் இதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆணைக்குழு, நிலைமாறுகால நீதி (போரோ கொடுங்கோல் ஆட்சியோ முடிந்தபின் பழைய கொடுமைகளுக்கு நீதி தேடும் வழிகள்) எல்லாம் அங்கே ஏற்கனவே புழங்கும் சொற்கள். அவற்றோடு இது ஒட்டுகிறதா என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.