கமிட் பிளாக் இருக்கிறது, அதற்கு முந்தைய பக்கங்கள் இல்லை: ஃப்ளஷ் எங்கே போகிறது?

ஈசூன்_இரவு:

வணக்கம். மூன்று இரவாக ஒரே இடத்தில் நிற்கிறேன். லினக்ஸ் கர்னலில் ஜேபிடி2 (கோப்பு முறைமையின் மாற்றங்களை முதலில் ஜர்னல் என்ற குறிப்பேட்டில் பதியும் பகுதி) கமிட் செய்யும் இடத்தை, அதாவது ஒரு தொகுதி முழுதாகப் பதிந்தது என்று கமிட் பிளாக்கால் முத்திரையிடும் இடத்தை, சற்று மாற்றி எழுதிச் சோதித்து வருகிறேன். எங்கள் வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் சோதனைக்கூடம்: பழைய 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க், யூஎஸ்பி டாக், டாக்குக்குப் போகும் 12 வோல்ட் கம்பியில் சிம் லிம் டவரில் வாங்கிய ஒரு ரிலே. ஒரு நிரல் சின்னச் சின்னக் கோப்புகளாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எஃப்சிங்க் (டிஸ்க்கில் நிலையாக எழுதிய பிறகே திரும்பு என்ற கட்டளை) முடிந்ததும் அந்தக் கோப்பின் எண்ணை வேறொரு கணினிக்கு அனுப்பும். திடீரென்று ரிலே மின்சாரத்தை வெட்டும். ரீசெட் பொத்தான் இதற்கு உதவாது, டிஸ்க்குக்கு மின்சாரம் இருக்கும்வரை அதன் கேஷில் (தட்டில் எழுதுமுன் வைத்திருக்கும் தற்காலிக நினைவகத்தில்) உள்ளது எப்படியும் எழுதப்பட்டுவிடும்.

நேற்று 40 முறை வெட்டியதில் 9 முறை தவறியது. எஃப்சிங்க் முடிந்த கடைசி எண் 4812, மவுண்ட் செய்து பார்த்தால் 4790 வரைதான் இருக்கிறது. ஜர்னலில் செக்சம் (சரிபார்ப்பு எண்) பொருந்தவில்லை என்கிறது கர்னல். ஜர்னலைத் திறந்து பைட் பைட்டாகப் பார்த்தேன். கமிட் பிளாக் அழகாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முன்னால் இருக்க வேண்டிய இரண்டு பிளாக்குகளில் போன சுற்றில் எழுதிய பழைய சரக்கு. பத்திரத்தில் கையெழுத்து இருக்கிறது, பக்கங்கள் இல்லை.

என் மாற்றம்தான் எழுதும் கட்டளையோடு போகும் கொடிகளை (குறிப்புகளை) தொலைக்கிறதோ என்று, கமிட் பிளாக்கை அனுப்பும் இடத்திலேயே அச்சிட்டுப் பார்த்தேன். ப்ரீஃப்ளஷ் (முதலில் கேஷில் உள்ளதைத் தட்டில் எழுது, அதாவது ஃப்ளஷ் செய்), எஃப்யூஏ (இதை நேராகத் தட்டிலேயே எழுது) இரண்டும் இருக்கின்றன. ஆனால் டிஸ்க்குக்குப் போகும் கட்டளைகளைப் பதியும் பிளாக்டிரேஸில், அதே கட்டளையின் குறியீட்டில் முன்னும் பின்னும் வரவேண்டிய ‘எஃப்’ இல்லை. நடுவில் யார் உருவுகிறார்கள்?

பழைய_பிளாட்டர்:

தம்பி, டிமெசேஜை (கர்னலின் செய்திப் பதிவை) பாருங்கள். டாக்கைச் செருகியதும் கேஷிங் மோட் பேஜ் (டிஸ்க் தன் கேஷைப் பற்றிச் சொல்லும் தகவல்) கிடைக்கவில்லை, ரைட் த்ரூ (கேஷில் தங்காமல் நேராகத் தட்டில் எழுதுவது) என்று எடுத்துக்கொள்கிறேன் என்று கர்னல் எழுதியிருக்கும். ரைட் த்ரூ என்று நம்பிவிட்டால் பிளாக் லேயர் (கர்னலில் டிஸ்க்குக்கான கட்டளைகளைக் கையாளும் அடுக்கு) அந்த இரண்டு கொடிகளையும் வாசலிலேயே கழற்றிவிடும், வெறும் ஃப்ளஷை டிஸ்க்குக்கு அனுப்பாமலே முடிந்தது என்று சொல்லிவிடும். பிளாக்டிரேஸ் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

நொடிக்கு எத்தனை எஃப்சிங்க் ஆகிறது என்று எண்ணினீர்களா? 7200 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 120 சுற்று, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று வரிசையாக எழுதும்போது நூற்றுக்கணக்கில் வந்தால் தட்டில் எழுதாமலே முடிந்தது என்கிறார்கள் என்று அர்த்தம்.

சிஸ்எஃப்எஸ்-இல் (கர்னல் தன் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடத்தில்) அந்த டிஸ்க்கின் கேஷ் டைப் கோப்பில் ‘டெம்பரரி ரைட் பேக்’ என்று எழுதுங்கள், ரைட் பேக் என்றால் கேஷில் வைத்துப் பிறகு தட்டில் எழுதுவது. ‘டெம்பரரி’யை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால்தான் டிஸ்க்கின் அமைப்பைத் தொடாமல் கர்னலின் எண்ணத்தை மட்டும் மாற்றும்.

தேக்கா_கோப்பி:

அண்ணன் சொன்னதைச் செய்யுங்கள். ஆனால் அதோடு உங்கள் மாற்றம் சரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பேரியர் (எழுதும் வரிசை மாறாமல் தடுக்கும் வேலி) என்று தேடினால் கிடைக்கும் பழைய விளக்கங்கள் இங்கே குழப்பும். பிளாக் லேயரே வரிசையைக் காப்பாற்றும் பழைய பேரியர் 2.6.37-இல் போய்விட்டது. மவுண்ட் ஆப்ஷனில் பெயர் மட்டும் தங்கியிருக்கிறது. இன்றைய ப்ரீஃப்ளஷ், ஏற்கெனவே முடிந்துவிட்ட எழுதும் கட்டளைகளுக்குத்தான் பொறுப்பு. இன்னும் வழியில் இருப்பவற்றுக்கு அது எந்த உத்தரவாதமும் தராது. அதனால்தான் ஜேபிடி2 ஜர்னல் பிளாக்குகள் எல்லாம் முடியும்வரை காத்திருந்து, பிறகே கமிட் பிளாக்கை அனுப்புகிறது. அந்தக் காத்திருப்பை நீங்கள் இடம் மாற்றினீர்களா?

டிவைஸ் மேப்பரில் (டிஸ்க்குக்கு மேல் இன்னோர் அடுக்கை வைக்கும் கர்னல் வசதி) லாக்-ரைட்ஸ் இருக்கிறது, கர்னல் 4.1-இலிருந்து. ஃப்ளஷ் வந்த நேரத்தில் எவை முடிந்திருந்தன என்பதைக் கணக்கில் வைத்துப் பதியும். ஒவ்வொரு ஃப்ளஷ் வரைக்கும் திரும்ப ஓட்டி எஃப்எஸ்சிகே (கோப்பு முறைமைச் சோதனை) செய்யுங்கள். ரிலே வேண்டாம், அதிர்ஷ்டமும் வேண்டாம்.

ஈசூன்_இரவு:

இருவருக்கும் நன்றி. அந்த வரி டிமெசேஜில் இருந்தது, நான் தாண்டிப் போயிருக்கிறேன். நொடிக்கு 1100 எஃப்சிங்க் ஓடிக்கொண்டிருந்தது. கேஷ் டைப்பை மாற்றியதும் 38-க்கு இறங்கியது, ‘எஃப்’ எழுத்துகளும் வந்துவிட்டன. 40 வெட்டில் தவறு 9-லிருந்து 1.

அந்த ஒன்றுதான் தூங்க விடவில்லை. அக்கா கேட்டது சரி. தாமதத்தைக் குறைக்க, ஜர்னல் பிளாக்குகளுக்கான காத்திருப்பைக் கமிட் பிளாக்கை அனுப்பியபின் வைத்திருந்தேன். லாக்-ரைட்ஸில் பதினேழாவது ஃப்ளஷிலேயே பிடிபட்டது: ஒரு பிளாக் வழியில் இருக்கும்போதே கமிட் போய்ச் சேர்ந்திருக்கிறது. காத்திருப்பைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, இன்று விடியற்காலை பதிவு முழுவதையும் திரும்ப ஓட்டினேன், சுத்தம். ரிலேயை இன்று இரவு 200 வெட்டுக்கு வைத்திருக்கிறேன். நாளை எண்ணைப் போடுகிறேன்.