பழைய காரில் ஒயில் பில்டரும் பிரஷர் மீட்டரும்: பட்டவர்கள் சொல்கிறார்கள்

யாழ்ப்பாணம், மொறிஸ் மைனர் 1000

அப்பாவிடமிருந்து இந்தக் காரை வாங்கிக்கொண்டபோது எனக்கு இருந்த ஒயில் அறிவு ஒன்றுதான்: டாஷ்போர்டில் ஒயில் அழுத்த விளக்கு அணைந்தால் எல்லாம் சுகம். 1990களில் பெற்றோல் வராத காலத்தில் இதே வண்டி மண்ணெண்ணெயில் ஓடியது. ஸ்டார்ட் எடுக்க மட்டும் கொஞ்சம் பெற்றோல், இன்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய். எரியாமல் மிஞ்சுவது பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இறங்கி ஒயிலோடு கலந்துவிடும். டிப்ஸ்டிக்கில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறும்! ஒயில் தண்ணீராகிக்கொண்டிருப்பதை அந்த விளக்கு ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, மிகக் குறைந்த அழுத்தத்திலேயே அணைந்துவிடும் சுவிட்ச் அது. ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு, சும்மா நிற்கும்போது 15 பவுண்டு இருக்க வேண்டும் என்கிறது கையேடு. இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறதென்று பார்க்க முள் ஓடும் பிரஷர் மீற்றர் வேண்டும்.

அதற்கு முன் பில்டர். இதில் பில்டர் என்பது தொங்கும் இரும்புக் கோப்பை. உள்ளே காகிதச் சுருள், அடியிலிருந்து ஒரு நீளமான போல்ட். கோப்பையின் விளிம்பு போய் உட்காரும் பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம். ஒயில் மாற்றும்போதெல்லாம் பழைய வளையத்தை ஊசியால் கிளறி எடுத்த பிறகே புதியதை வைக்க வேண்டும். பழையது கல்லாகி, கறுத்து, பள்ளத்தின் அடியைப் போலவே கிடக்கும். நான் அதன் மேலேயே புதியதை வைத்துப் பூட்டினேன். இன்ஜினை எழுப்பி அரை நிமிடம் ஆகவில்லை, முற்றத்தில் கறுப்புக் குளம். பக்கத்து வீட்டுப் பூனை அதில் கால் நனைத்து எங்கள் விறாந்தை முழுக்கக் கோலம் போட்டது.

அன்றே முடிவெடுத்தேன், கோப்பை வேண்டாமென்று. இங்கிலாந்திலிருந்து ஓர் அடாப்டர் வந்தது. அதே பள்ளத்தில் உட்காரும். அதன் கீழே இக்காலத்து டப்பா பில்டரைக் கையாலேயே திருகி மாட்டலாம். டப்பாவைத் தேர்ந்தெடுக்கும்போது அளவை மட்டும் பார்க்காதீர்கள். இன்ஜின் நின்ற பிறகு ஒயில் வடிந்து போகாமல் தடுக்கும் ரப்பர் வால்வு உள்ளே இருக்க வேண்டும். காலையில் முதல் சில நொடிகள் கேட்கும் கடகடப்பு எனக்கு அதனால்தான் குறைந்தது.

மீற்றர்தான் படுத்திய பாடு. முதலில் வாங்கியது உள்ளே மின்னணுச் சில்லு வைத்த வகை. மைனரில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் பொடியோடு, அதாவது காரின் இரும்பு உடலோடு, பூட்டியிருக்கும். இது நெகற்றிவ் பொடிக்கென்று செய்த மீற்றர். பூட்டிய அன்றே செத்தது. இரண்டாவது சாதாரண முள் மீற்றர். விளக்கின் சுவிட்சைக் கழற்றி, ‘T’ வடிவப் பித்தளை இணைப்பு, அதாவது ‘டி’ ஒன்று போட்டு, ஒரு வாயில் சுவிட்ச், மறு வாயில் அழுத்தத்தை மீற்றருக்குச் சொல்லும் சென்சர் என்று நினைத்தேன். ‘டி’யின் புரி பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் வகை, சென்சருடையது என்.பி.டி. என்ற அமெரிக்க வகை. இரண்டும் 1/8 அங்குலம் என்றே விற்கிறார்கள். ஆனால் முதலாவதில் அங்குலத்துக்கு 28 புரி, மற்றதில் 27. இரண்டு சுற்று சுகமாக ஏறும், பிறகு பிடிக்கும். “தம்பி, இறுக்கு, ஏறும்” என்றார் கராஜில் நின்றவர். இறுக்கினேன், ஏறியது, கசிந்தது. சரியான சென்சர் வாங்கி, புரியில் கசிவு தடுக்கும் வெள்ளை நாடா சுற்றிப் பூட்டினேன். கசிவு நின்றது. முள் மட்டும் பேய் பிடித்ததுபோல் ஆடுகிறது. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

கோயம்புத்தூர், அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல்

நாடாதான் காரணம். ஒற்றை முனை சென்சருக்கு எர்த், அதாவது மின்சாரம் காரின் உடலுக்குப் போகும் இணைப்பு, கிடைப்பது அதன் மரை (புரி) வழியாகத்தான். நீங்கள் அதற்கு நன்றாக உறை போட்டுவிட்டீர்கள். நாடாவை எடுத்துவிட்டு மரையில் துளி சீலன்ட் மட்டும் தடவிப் பாருங்கள்.

என் கதை இதைவிடக் கேவலம். மீட்டர் ஒரு கடையில், சென்சார் வேறொரு கடையில் வாங்கினேன். இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் முள் உச்சியில் நிற்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் கீழே இறங்குகிறது! இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்றே மெக்கானிக் கிளம்பிவிட்டார். நல்லவேளை, லேத் பட்டறை அண்ணன் மல்டிமீட்டரை எடுத்துவந்து சென்சாரின் மின்தடையை, அதாவது ஓம்ஸ், பார்த்தார். அழுத்தம் ஏற ஏற 10 ஓமிலிருந்து 180 ஓம் வரை கூடுவது ஒரு வகை. 240 ஓமிலிருந்து 33க்குக் குறைவது அமெரிக்க வகை. என்னிடம் இருந்தது இதில் ஒன்று, அதில் ஒன்று. இரண்டையும் ஒரே இடத்தில் ஜோடியாக வாங்குங்கள். மிச்சம் பிடித்தது இருநூறு ரூபாய், தூக்கம் போனது மூன்று இரவு.

டப்பா பில்டருக்கு மாறினாலும் வளையம் உங்களை விடாது. டப்பாவைக் கழற்றும்போது அதன் பழைய ரப்பர் டப்பாவோடு வராமல், அது உட்காரும் இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். தெரியாமல் புதியதை மாட்டினால் பூனைக்கு மறுபடி வேலை.

லண்டன், எம்.ஜி.பி. 1970

‘டி’யைப் பற்றி ஒரு வார்த்தை. எம்.ஜி.பி.யில் ஒயில் நேராக ஒரு மெல்லிய குழாய் வழியே டாஷ்போர்டு மீற்றருக்கே வரும். குழாய் வெடித்தால் கொதிக்கும் ஒயில் உங்கள் முழங்காலில். அந்தப் பயத்தில்தான் நானும் மின் சென்சருக்கு மாறினேன். இன்ஜினில் பித்தளை ‘டி’, அதன் நுனியில் முட்டையளவு கனமான சென்சர். பதினான்கு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, முள் 60இலிருந்து 20க்கு விழுந்ததும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஓரங்கட்டினேன். பானட்டைத் திறந்தால் ‘டி’யின் கழுத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு, அதிலிருந்து விசிறியடிக்கும் ஒயில். இன்ஜின் அதிர்கிற அதிர்வுக்கு நீட்டிக்கொண்டிருக்கும் கனம் பித்தளையை ஆட்டி ஆட்டி முறித்துவிடுகிறது. முள்ளைப் பார்த்திராவிட்டால் பெயரிங் போயிருக்கும்.

இப்போது இன்ஜினிலிருந்து கம்பிவலை போர்த்திய ஒரு சிறு குழாய், சென்சர் இன்ஜின் அறையின் பின்சுவரில் ஒரு பட்டியில். அங்கே வைத்தால் தனியாக ஓர் எர்த் வயர் இழுங்கள். பெயின்ட் அடித்த தகட்டை நம்பவேண்டாம்.

யாழ்ப்பாணம், மறுபடியும்

கோவை அண்ணா சொன்னபடி நாடாவைச் சுரண்டினேன். முள் நிதானத்துக்கு வந்துவிட்டது. லண்டன் அண்ணை சொன்னதைப் படித்த இரவே டோர்ச் அடித்து ‘டி’யைத் தடவிப் பார்த்தேன். வெடிப்பில்லை. இருந்தாலும் அடுத்த வாரம் சென்சர் பின்சுவருக்குப் போகிறது, எர்த் வயரோடு.

நல்ல சூட்டில் ஓட்டத்தில் 55, நிற்கும்போது 18. அப்பாவை ஏற்றிக்கொண்டு நல்லூர் வரை போய் வந்தேன். மீற்றரைக் காட்டினேன். “அது சரி, விளக்கு வேலை செய்கிறதா?” என்று கேட்டார்.