மரகதம் இல்லை, பொன்வண்டு

இங்கிலாந்தின் கெடில்ஸ்டன் ஹால் மாளிகையில் இருக்கும் லேடி கர்சனின் மயில் கவுனைப் பார்த்தவர்கள் வேறு யாராவது உண்டா? ஏழாம் எட்வர்ட் முடிசூடியதைக் கொண்டாடிய 1903 டெல்லி தர்பாரை ஒட்டி நடந்த நடன விருந்துக்கு வைஸ்ராயின் மனைவி போட்டுக்கொண்டு வந்தது. கவுன் முழுக்க மயில்தோகை அடுக்கடுக்காக இறங்குகிறது. ஒவ்வொரு தோகைக் கண்ணிலும் நீலமும் பச்சையுமாக ஒரு மினுக்கல். மரகதம்தான் பதித்திருக்கிறார்கள் என்று கிட்டே போனால், பொன்வண்டின் சிறகு!

டெல்லியில் மெல்லிய ஷிஃபான் துண்டுகளில் ஜர்தோசி, அதாவது உலோக இழை எம்பிராய்டரி, வேலை செய்து அனுப்ப, பாரிஸின் வொர்த் தையல்கூடத்தில் அவை கவுனாகியிருக்கின்றன. எடை சுமார் 4.5 கிலோ. உலோக இழை இப்போது கறுத்துவிட்டது. எல்லோரும் வொர்த் பெயரைத்தான் சொல்கிறார்கள். அவ்வளவு மெல்லிய துணியில் அவ்வளவு கம்பியை ஏற்றியவர்களின் கையைத்தான் எனக்குக் கும்பிடத் தோன்றியது.

---

பொன்வண்டு என்றதும் ஞாபகம் வந்தது. கென்ட்டில் ஸ்மால்ஹைத் பிளேஸ், நடிகை எல்லன் டெர்ரியின் வீடு. 1888-ல் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் லேடி மெக்பெத்தாக நடித்தபோது அவர் அணிந்த பச்சை உடுப்பு அங்கே இருக்கிறது. அதில் சுமார் ஆயிரம் சிறகுகள். வண்டுகள் தானாக உதிர்த்தவை என்று சொல்கிறார்கள். அதைக் கேட்ட பிறகுதான் நிம்மதியாக ரசித்தேன். இதே உடையில் அவரை ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் வரைந்த ஓவியமும் பிரபலம். என் ஓட்டு உடைக்குத்தான்.

---

பளபளப்பே இல்லாத ஒன்றைச் சொல்கிறேன், திட்டாதீர்கள். லண்டன் பெட்ரி அருங்காட்சியகத்தின் தர்கான் உடை. வெறும் லினன், கீழ்ப்பகுதி இல்லை, எவ்வளவு நீளம் இருந்தது என்று சொல்ல முடியாது. எகிப்தின் தர்கானில் தொல்லியலாளர் பெட்ரி 1913-ல் தோண்டியெடுத்த அழுக்குத் துணி மூட்டைக்குள் கிடந்திருக்கிறது. 1977-ல் அந்த மூட்டையைச் சுத்தம் செய்யக் கொடுத்தபோதுதான் உள்ளே இப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. கார்பன் சோதனையில் கி.மு. 3482-க்கும் 3102-க்கும் இடைப்பட்டது என்று வந்தது. அளவைப் பார்த்தால் ஒல்லியான பெண்ணோ, வளர்கிற பிள்ளையோ போட்டிருக்கலாம்.

தோளிலும் கையிலும் வரிவரியாகப் பிடித்த மடிப்பு அழகுதான். ஆனால் என்னை நகரவிடாமல் நிறுத்தியது வேறு. முழங்கை மடங்கும் இடத்திலும் அக்குளிலும் கசங்கல் இருக்கிறது. அடக்கத்துக்கென்று தைத்த துணி இல்லை, யாரோ போட்டுக்கொண்டு நடமாடியிருக்கிறார்கள். கிடைத்தபோது உள்பக்கம் வெளியே திரும்பி இருந்ததாம். தலைவழியாக உருவி அப்படியே போட்டிருக்கிறார்கள். நாமும் அப்படித்தானே போடுகிறோம்!

---

நான் பழைய கவுன்களைப் பார்த்து அதே மாதிரி தைத்துப் பழகுகிறவள். அதனால் கண் நேரே தையலுக்குத்தான் போகும். 18-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பட்டுதான் விலை, தையற்கூலி சொற்பம். ஆகவே துணியை வெட்ட யோசிப்பார்கள். மிச்சத்தை உள்ளே மடித்து, பிரிக்கத் தோதாகப் பெரிய பெரிய தையலாகப் போடுவார்கள். பாணி மாறினால் பிரித்துத் திரும்பத் தைப்பதுதான். 1740-களின் பட்டு நூறு வருடம் கழித்து வேறு கவுனாகியிருக்கிறது. ஒரு கண்காட்சியில் அப்படிப்பட்ட ஒன்றைப் பார்த்தேன். பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. முன்பு மடிப்புக்குள் இருந்த ஒரு விரல்கடை அகலத்துக்கு மட்டும் ரோஜா நிறம் வெளுக்காமல் இருந்தது.

அப்புறம் பாக்கெட். அது கவுனோடு சேர்ந்ததே இல்லை. நாடா கோத்த தனிப் பையைப் பாவாடைக்கு அடியில் இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். பக்கத் தையலில் விட்ட திறப்பு வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும். 1790-களில் மெல்லிசான, மார்புக்குக் கீழே இறுக்கிய கவுன்கள் வந்ததும் அந்தப் பை புடைத்துக்கொண்டு தெரிய, கையில் தொங்கும் சின்னப் பை வந்துவிட்டது.

உள்பக்கம் தெரிகிற மாதிரி எடுத்த படம் யாரிடமாவது இருந்தால் போடுங்கள். அருங்காட்சியகங்களில் பாதி கவுன்களின் முதுகைக்கூடப் பார்க்க முடிவதில்லை.