ஒரு வசனத்துக்குப் பத்து நிமிடச் சாட்டையடி: இது வேதத்தின்படி எடுத்த படமா?

படச்சுருள்:
லெந்து காலம் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) வந்தால், இயேசுவின் பாடுகளைக் காட்டும் மெல் கிப்சனின் 'தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' (2004) மறுபடியும் சுற்றுக்கு வந்துவிடுகிறது. கூடவே "வேதத்தில் உள்ளதை உள்ளபடியே எடுத்த படம்" என்ற பாராட்டும். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. சாட்டையடியைப் பற்றி யோவான் 19:1 சொல்வது இவ்வளவுதான்: "அப்பொழுது பிலாத்து இயேசுவைப் பிடித்து வாரினால் அடிப்பித்தான்." மத்தேயுவும் மாற்குவும் போகிற போக்கில் சொல்லிவிட்டு மேலே போகிறார்கள். லூக்காவில், தண்டித்து விட்டுவிடுகிறேன் என்று ரோம ஆளுநர் பிலாத்து சொல்வதோடு சரி.

படத்தில் அது ஏறக்குறைய பத்து நிமிடம். முதலில் பிரம்படி. அவர் தட்டுத்தடுமாறி எழுந்து நின்றதும் கொக்கி வைத்த சாட்டையை எடுக்கிறார்கள். ஒரு சேவகன் அதை மேசைமேல் வீசிப் பார்க்கிறான். கொக்கி மரத்தில் குத்தி நிற்கிறது, பிய்த்து இழுக்கிறான். அடுத்தது உடம்பில் என்று நமக்குத் தெரிந்துவிடும். கைதேர்ந்த இயக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் பார்ப்பவனைப் பதறவைக்கக் கோத்த காட்சி அது. இயேசுவின் வரலாற்றை எழுதிய நான்கு சுவிசேஷகரில் எவரும் அந்த வேலையைச் செய்யவில்லை.

பாளைவாசி:
சகோ, அவர்கள் ஏன் விவரிக்கவில்லை? அன்றைக்கு வாசித்தவர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. ரோமர்கள் ஆட்களைச் சிலுவையில் அறைந்ததே நாலு பேர் பார்த்துப் பயப்படத்தான். வாரினால் அடித்தான் என்ற ஒரு சொல் போதும், கேட்டவனுக்குக் குலை நடுங்கியிருக்கும். நாம் சிலுவையைத் தங்கத்தில் செய்து கழுத்தில் போட்டுக்கொள்கிறவர்கள். நமக்கு யாராவது காட்டத்தான் வேண்டும்.

கிப்சன் மிகைப்படுத்திவிட்டார் என்பவர்கள் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதியதைப் படியுங்கள். எருசலேம் அழியப்போகிறது என்று தெருத்தெருவாகக் கத்திய ஒருவனை ரோம ஆளுநர் அல்பினுவிடம் கொண்டுபோகிறார்கள். எலும்பு தெரியும்வரை சாட்டையால் அடிக்கிறார்கள். அவன் பெயரும் இயேசுதான். அப்புறம் மாற்கு 15:44. இதற்குள் இறந்துவிட்டாரா என்று பிலாத்துவே ஆச்சரியப்படுகிறான். சிலுவையில் நாள்கணக்கில் உயிரோடு தொங்கியவர்கள் உண்டு. மாற்குவின் கணக்கில் இவர் ஆறு மணி நேரத்தில் போய்விட்டார். சிலுவைக்கு வருமுன்பே அந்த உடம்பு என்ன பாடு பட்டிருக்கும்? ஏசாயா 53-ஐத்தான் படம் தொடக்கத்திலேயே திரையில் காட்டுகிறது: "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்." அந்தத் தழும்பைப் பார்க்கவே மாட்டேன் என்றால் எப்படி?

கெத்செமனே:
நீங்கள் இருவரும் வசனத்தை வைத்தே அளக்கிறீர்கள். கத்தோலிக்கர்களான எங்களுக்கு இந்தப் படம் பார்த்த உடனே புரிந்தது, ஏனென்றால் இது சிலுவைப்பாதை, இயேசு சிலுவை சுமந்த வழியை நிலை நிலையாகத் தியானிக்கும் எங்கள் செபம். மூன்று முறை விழுவதும் வெரோணிக்கா என்ற பெண் அவர் முகம் துடைப்பதும் நான்கு நற்செய்திகளில் எதிலும் கிடையாது. தவக்கால வெள்ளிதோறும் நாங்கள் செபிப்பவை. பிலாத்துவின் மனைவி மரியாவுக்குத் துணி கொடுப்பதும், சங்கிலியோடு அவரைப் பாலத்திலிருந்து தள்ளுவதும் ஆன் கேத்தரின் எம்மெரிக் என்ற ஜெர்மன் துறவியின் காட்சிகளிலிருந்து வந்தவை. பிரென்டானோ என்ற கவிஞர் அவற்றை எழுதி 1833-ல் வெளியிட்டார். ஆகவே இது பக்திப் படம். அப்படிச் சொல்வதில் குறைவு ஒன்றுமில்லை.

பாளைவாசி அண்ணா, ஒன்று சொல்லுங்கள். சிலுவையோடு அவர் விழும்போது, சின்ன வயதில் விழுந்த மகனைத் தூக்க ஓடியது மரியாவுக்கு நினைவு வருமே, அந்த இடத்தில் அழாதவர் யார்? அது வேதத்திலும் இல்லை, அதில் சாட்டையும் இல்லை.

வாசகன்77:
ரத்தம் கூடியதா குறைந்ததா என்பதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. படத்தில் பிலாத்து மனச்சாட்சி உறுத்தித் தவிக்கிற நல்ல மனிதர். லூக்கா 13:1-ஐப் பாருங்கள்: கலிலேயரின் ரத்தத்தை அவர்களுடைய பலிகளோடே கலந்தவன் அவன். சமாரியரைக் கொன்று குவித்த விவகாரத்தில்தான் பதவியே போனது. ஆளுநர் மென்மையாக ஆக, பழி முழுவதும் யூதத் தலைமைக் குரு காய்பாவின் மேலும் கூட்டத்தின் மேலும் சரிகிறது. "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக" என்று கூட்டம் சொல்லும் மத்தேயு 27:25 வசனத்துக்கு எதிர்ப்பு வந்ததும் கிப்சன் துணைத்தலைப்பைத்தான் எடுத்தார். அரமேயிக் பேச்சை அப்படியே விட்டுவிட்டார். அந்த ஒரு வசனத்தைச் சொல்லி எத்தனை நூற்றாண்டு ஐரோப்பாவில் யூதர்களை அடித்தார்கள்! எல்லா யூதர்மேலும் அந்தப் பழியைச் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே சொல்லிவிட்டது. திரையில் இவ்வளவு வன்முறையைக் காட்டுகிறவர், பார்ப்பவன் அந்தக் கோபத்தை யார்மேல் கொண்டுபோய்க் கொட்டுவான் என்று யோசித்திருக்க வேண்டும்.

பாளைவாசி:
பிலாத்து விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் படத்தில் சிரித்துச் சிரித்து அடிப்பவர்கள் ரோமர்கள். சிரேனே ஊரான் சீமோனை 'யூதன்' என்று இழிவாகப் பேசுபவனும் ரோமச் சேவகன்தான். அந்தச் சீமோன்தான் கடைசிவரை தோள் கொடுக்கிறான். அதையும் கணக்கில் எடுங்கள்.

படச்சுருள்:
இத்தாலியில் மதேரா என்ற ஊரில்தான் கிப்சன் எருசலேமை எடுத்தார். அதே ஊரில் இத்தாலிய இயக்குநர் பசோலினி 1964-ல் மத்தேயு நற்செய்தியைப் படமாக்கியிருக்கிறார். கடவுள் நம்பிக்கை இல்லாத மார்க்சியர் அவர். வசனங்களை மத்தேயுவிலிருந்தே எடுத்தார், நடிக்கவைத்தது பெரும்பாலும் சாதாரண ஜனங்களை, ரத்தத்தைக் காட்டிக்கொண்டு நிற்கவும் இல்லை. இயேசுவின் மலைப்பிரசங்கத்துக்கு அதில் நீண்ட இடம் உண்டு. முகம் மட்டும் தெரிய, இயேசு பேசிக்கொண்டே இருப்பார். இவர் யார், ஏன் இவரைக் கொல்ல நினைத்தார்கள் என்பது எனக்குப் புரிந்தது அந்தப் படத்தில்தான். கிப்சன் படத்தில் போதனை துண்டு துண்டாக வருகிறது, உயிர்த்தெழுதல் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நான்கு சுவிசேஷங்களிலும் கல்லறைக்குப் பிந்தியது அவ்வளவு சின்னதா? அப்புறம் அந்தக் காகம். பக்கத்துச் சிலுவையில் தொங்கி அவரை நிந்தித்த கள்வனின் கண்ணைக் கொத்துகிறதே, எந்த அதிகாரத்தில் இருக்கிறது? பரிகசித்தவனுக்கு உடனே தண்டனை கிடைக்க வேண்டும் என்பது "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று அவர் சிலுவையில் செய்த ஜெபத்துக்கு நேர் எதிர்.

கெத்செமனே:
காகம் எனக்கும் உறுத்தல்தான். எங்கள் பங்கில் மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு இதைப் போடலாமா என்று பேச்சு வந்தபோது வேண்டாம் என்று சொன்னவள் நான். அமெரிக்காவிலேயே 17 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம் என்று சான்றிதழ் கொடுத்த படம். 2005-ல் ஐந்து நிமிடம் போல வெட்டி மறுபடி வெளியிட்டார்கள், அதுவும் சிறு பிள்ளைகள் தாங்குகிற மாதிரி இல்லை.

பாளைவாசி:
பிள்ளைகளுக்கு வேண்டாம், சரி. அவர்களுக்கு லூக்காவை வைத்து எடுத்த 1979-ம் வருடப் படம் தமிழிலேயே இருக்கிறது, அதைப் போடுங்கள். காகத்தையும் வெட்டிவிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. சாட்டையடியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். படச்சுருள் சகோ, பசோலினி படத்தை இந்த வாரம் பார்த்துவிட்டு வருகிறேன், மலைப்பிரசங்கத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்போம்.