ஒளியோட வேகத்த அந்தக் காலத்துல எந்தக் கடிகாரத்துல அளந்தாங்க?

மேலூர்க்காரன்:
பையன் பத்தாவது படிக்கிறான், ஸ்கூல்ல சயின்ஸ் எக்ஸிபிஷன் வருது. கலிலியோ ரெண்டு ஆள தூர தூரமா நிறுத்தி லாந்தர மூடித் திறந்து ஒளி வேகத்த அளக்கப் பாத்தாருன்னு படிச்சுட்டு, யானைமலையில ஒருத்தர் அழகர்மலையில ஒருத்தர் நின்னு டார்ச் அடிச்சுப் பாக்கலாமான்னு கேக்குறான். 1849லயே பிரான்ஸ்ல பல்சக்கரம் வச்சு அளந்துட்டாங்களாமே, அவ்ளோ பொடி நேரத்த எப்படிங்க பிடிச்சாங்க?

பசுமலை டீச்சர்:
சார், மலைக்கு மலை பத்து கிலோமீட்டர்னு வச்சாலும் ஒளி போய்ட்டு வர செகண்டுல 15,000ல ஒரு பங்குதான், கை சுவிட்ச அமுக்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். பிரான்ஸ்ல பண்ணுனவரு ஃபீஸோ. அவருக்குத் தனியா கடிகாரமே வேணாம், அந்தச் சக்கரம்தான் கடிகாரம், எனக்கு ரொம்பப் பிடிச்ச பரிசோதனை இது. சக்கரத்துல 720 பல்லு, 8633 மீட்டர் தள்ளி பாரிஸ் மோன்மார்த்ர் குன்றுல ஒரு கண்ணாடி. பல்லு இடுக்கு வழியா போற வெளிச்சம் கண்ணாடில பட்டுத் திரும்பி வரும், சக்கரத்த வேகமா சுத்திக்கிட்டே போனா ஒரு கட்டத்துல அது திரும்பி வர்றதுக்குள்ள அடுத்த பல்லு வந்து மறைச்சு இருட்டாயிரும். செகண்டுக்கு 12.6 சுத்துல அப்படி ஆச்சு. பல்லும் இடுக்குமா 1440, அத 12.6ஆல பெருக்குனா 18,144, அப்ப செகண்டுல 18,144ல ஒரு பங்கு நேரத்துல வெளிச்சம் 17 கிலோமீட்டர் சொச்சம் ஓடியிருக்கு. தம்பியவே பெருக்கச் சொல்லுங்க, 3,13,000 கிட்ட வரும். இன்னைக்குக் கணக்கு செகண்டுக்கு 2,99,792 கிலோமீட்டர்.

திருமங்கலம் வாசகர்:
டீச்சர் சொன்ன ஃபீஸோவுக்கு முன்னாடியே ஒருத்தர சொல்லணும், டென்மார்க் வானியலாளர் ரோமர். வியாழனோட நிலா அயோ நிழல்ல இருந்து வெளிய வர்றது, பூமி தள்ளிப் போகப் போக ஒளி கூடுதல் தூரம் வரணுங்கிறதால லேட்டாகுதுன்னு பாத்து, 1676 நவம்பர் 9ந்தேதி 10 நிமிஷம் லேட்டாகும்னு முன்கூட்டியே சொன்னாரு, அப்படியே நடந்துச்சு. லாந்தர்ல முடியாமப் போன கலிலியோ 1610ல கண்டுபிடிச்ச நிலாதான் அது!

மேலூர்க்காரன்:
ரெண்டு பேருக்கும் நன்றிங்க. வீட்லயே செஞ்சு காட்ற மாதிரி எதுவும் இருக்கா டீச்சர்?

பசுமலை டீச்சர்:
அப்பளம் இருக்கே சார். மைக்ரோவேவ் அடுப்புல சுத்துற தட்ட எடுத்துட்டு, ஒரு பீங்கான் தட்டக் கவுத்து அது மேல பொரிக்காத அப்பளத்த நெருக்கமா பரப்புங்க. ஆன் பண்ணுனா திட்டுத் திட்டா பொரியும், உடனே நிறுத்திருங்க. பக்கத்துப் பக்கத்துத் திட்டுக்கு நடுவுல 6 சென்டிமீட்டர் கிட்ட வரும், அது அரை அலைநீளம், அத ரெண்டு மடங்காக்கி, அடுப்புக்குப் பின்னாடி போட்டிருக்குற 2450 மெகாஹெர்ட்ஸால (செகண்டுக்கு 245 கோடி அலை) பெருக்கணும், மைக்ரோவேவும் ஒளி வேகத்துலதான் போகுது, அதனால வர்ற விடைதான் ஒளி வேகம். நீங்க கூடவே இருங்க, கருக விட்றாதீங்க.